இரண்டாம் அறையின் சூடு

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஐப்பசி மாதம், ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். இடம், போடிமெட்டுக்கு மேலே உள்ள ஒரு எஸ்டேட். எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. எங்கேயாவது வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடைக்கு மாடியில் ஒரே ஒரு அறை. அதுதான் என் ஆபீஸ். சென்னையில் ஏழு வருடம் சர்வர் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கே திரும்பி சொந்தமாகத் தொடங்கினேன். ஒரு பள்ளிக்கூடம், சில கடைகள், இரண்டு எஸ்டேட்டுகள் என்று பலருடைய சர்வர்களை மாடியில் உட்கார்ந்தபடியே கவனித்துக்கொள்வேன். அதற்கு ஒவ்வொரு சர்வரிலும் ‘ஏஜெண்ட்’ என்கிற சின்ன புரோகிராம் ஒன்றைப் போட்டு வைக்க வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்பதை நிமிடத்துக்கு ஒரு தரம் அது எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு.

அந்த எஸ்டேட் முதலாளி போடியில்தான் குடியிருக்கிறார். பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தை மலையில் ‘ஸ்டோர்’ என்பார்கள். அங்கே விறகு அடுப்பு எரித்து, அந்தச் சூட்டைக் குழாய் வழியாக அறைகளுக்குள் விடுவார்கள். சூடு ஏறினால் காயின் பச்சை போய் வெளுத்துவிடும். அப்புறம் ஏலத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் முதலாளி இரண்டு அறைகளிலும் சூட்டை அளக்கும் சென்சார்களை மாட்டி, வயரை ஆபீஸ் சர்வரில் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அந்தச் சர்வரில் ஏஜெண்டைப் போட்டு, இரண்டு அறைகளின் சூடும் மேனேஜரின் கம்ப்யூட்டரிலும் என்னுடையதிலும் தெரியும்படி செய்து தருவது என் வேலை.

ஜீப்பில் போய் இறங்கினேன். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீப் டிரைவரிடம் போய், “சர்வர் ரூம் தொறந்துதான் இருக்கு. எத்தனை மணிக்கு முடிப்பீங்க?” என்று கேட்டார். டிரைவர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். “அட, இந்தப் பொண்ணா?” என்றார் மேனேஜர். அதோடு விட்டாரா? நான் எது கேட்டாலும் பாதி பதிலை டிரைவரைப் பார்த்துத்தான் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். அன்றைக்கு எனக்கு ஒரே நோக்கம்தான். வெரசாக முடிக்க வேண்டும், இந்த ஆள் வாயைத் திறக்க முடியாதபடி முடிக்க வேண்டும்.

ஏஜெண்டுக்கு எதை எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் அறைக்கான வரிகளை எழுதினேன். அதையே நகலெடுத்துக் கீழே ஒட்டி, பெயரை ‘இரண்டாம் அறை’ என்று மாற்றினேன். ஏஜெண்டை மறுபடி ஓடவிட்டேன். திரையில் இரண்டு அறைகளும் பச்சையாக வந்து நின்றன.

அப்போது ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். அந்த ஸ்டோரில் அடுப்பு எரிப்பதும் காய் கிளறுவதுமாகப் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டியவர். தலையில் துண்டு, கையெல்லாம் கரி. அந்தப் பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்டார். இரண்டு அறைகளிலும் நாற்பத்தெட்டு டிகிரி என்று படித்துச் சொன்னேன்.

“ரெண்டும் ஒண்ணா?” என்றார். “அதெப்படித்தா? ரெண்டாம் ரூமு அடுப்ப ஒட்டுன ரூமுல்ல. அது எப்பவும் ஒரு படி கூடத்தான் காயும்.”

“மெஷின் தப்பாக் காட்டாதுக்கா” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார். இரண்டாம் அறைக்கு நடந்து போய்ப் பார்த்திருந்தால் அதிகம் போனால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கதவிலேயே பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் மாட்டியிருந்தது. நான் போகவில்லை. மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை அந்த மேனேஜர் போன் செய்தார். இப்போது “மேடம்” என்று மரியாதையாகப் பேசினார். முந்தின நாள் இரண்டாம் அறையில் ஒரு லோடு காய் முழுக்க வெளுத்துவிட்டதாம். அன்றைக்கு அந்த அறையில் சூடு எப்படி இருந்தது என்று திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்தேன். நாள் முழுக்கப் பச்சை. எனக்கு அப்படியொரு நிம்மதி. தப்பு நம் பக்கம் இல்லை! படத்தை அனுப்பியதோடு நிற்காமல், ‘இரண்டாம் அறையில் வெப்பம் நாள் முழுவதும் சரியாகவே இருந்தது’ என்று தனியாக ஒரு கடிதம் அடித்து, என் ஆபீஸ் முத்திரையும் குத்தி அனுப்பினேன். எதற்குக் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள் மதியம் மாடிப்படியில் யாரோ வேகமாக ஏறி வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் அந்த ஸ்டோர் அக்கா. மூச்சு வாங்க நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானத்தா என் மேல எழுதிக் குடுத்தவ?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். நான் சென்சாரை இணைத்துவிட்டு வந்த மறுநாளே மேனேஜர் கதவிலிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றிவிட்டாராம். இனிமேல் கம்ப்யூட்டர் சொல்கிறபடிதான் அடுப்பு எரிய வேண்டும் என்று உத்தரவாம். காய் கெட்ட அன்று காலையில், இரண்டாம் அறை கொதிக்கிறது, விறகை இழுத்துவிடட்டுமா என்று மூன்று தடவை போய்க் கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் அந்த ஆள் திரையைப் பார்த்துவிட்டு, “சூடு சரியாத்தான் இருக்கு, நீ ஒன் சோலியப் பாரு” என்று விரட்டியிருக்கிறார். காய் வெளுத்ததும் முதலாளியிடம் கதையையே மாற்றிவிட்டார். சூடு சரியாக இருந்ததற்கு என் கடிதமே அத்தாட்சி, அப்படியானால் காயைத் தட்டில் கனமாகப் பரப்பிவிட்டுக் கிளறாமல் விட்டது இவள்தான் என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே வேலை போய்விட்டது. வேலை போனால், எஸ்டேட்டில் வேலையாட்கள் குடியிருக்கக் கொடுக்கும் லயத்து வீடும் போய்விடும். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சட்டி பானையோடு ராசிங்காபுரத்தில் தம்பி வீட்டில் வந்து இறங்கியிருக்கிறார்.

“பத்து வருசமா ஒரு தட்டு கெட்டதில்ல எங்கையில. ஒன் மெஷினத் தொற. அன்னைக்கு என்ன காட்டுச்சுன்னு நான் பாக்கணும்” என்றார்.

திறந்தேன். உள்ளுக்குள் எனக்கு எரிச்சல்தான். மெஷின் காட்டியதை நான் அனுப்பினேன், இதில் என் தப்பு என்ன என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் திறந்தேன். அன்றைய நாளின் சூட்டை வரைபடமாகக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கோடு, காலையிலிருந்து இரவு வரை. அவருக்கு அதிலிருந்த எழுத்து எதுவும் படிக்கத் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“ரூமு ரெண்டுங்கிற. கோடு ஒண்ணுதான இருக்கு? இன்னொண்ணு எங்க?”

இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு மயிரிழைகூட விலகாமல் கிடந்தன. எந்த இரண்டு அறைகளிலும் சூடு நாள் முழுக்க அப்படி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்காது. ஏஜெண்டுக்கு நான் எழுதிக்கொடுத்த ஃபைலைத் திறந்தேன். இரண்டாம் அறை என்று பெயரை மாற்றியவள், அதற்குக் கீழே இருந்த சென்சார் எண்ணை மாற்றவில்லை. மூன்று வாரமாக அந்தத் திரை முதல் அறையின் சூட்டையே இரண்டு பெயரில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாம் அறையை யாருமே பார்க்கவில்லை, இந்த அக்காவைத் தவிர.

“தப்பு என்னோடதுக்கா” என்றேன். அக்கா அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அவர் எதிரிலேயே மேனேஜருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்த ஆள் கொஞ்சமும் பதறவில்லை. “இப்ப அதக் கிண்டி என்ன ஆகப்போகுது மேடம்? ஆள அனுப்பியாச்சு. நீங்க சத்தமில்லாம அத சரி பண்ணிட்டு, பழைய ரெக்கார்ட அழிச்சிருங்க. ஒங்க பேரும் கெடாது, எனக்கும் தலவலி இல்ல.”

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அழித்துவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஊரில் இப்போதுதான் பெயரெடுத்து வருகிறேன். ஒரு பெண் வைத்திருக்கும் ஆபீஸ் எப்போது சறுக்கும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எதிரில் அந்த அக்கா கரி படிந்த விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனை வைத்தேன்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு, நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். என் தப்பை முதலில் சொன்னேன். ஃபைலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். முதலாளி அக்காவிடம் கேட்டார், “சூடு ஏறுதுன்னு மேனேஜர்ட்ட சொன்னியா?”

“மூணு வாட்டி சொன்னேன்யா.”

உடனே மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, நாங்கள் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். “பொய்யி. அவ என் ரூமு பக்கமே வரல. நான் அன்னைக்குக் காலையில கம்ப்யூட்டரையே தொறக்கல” என்றார் அந்த ஆள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஏஜெண்ட் சூட்டை மட்டும் எழுதி வைப்பதில்லை, சர்வரில் யார் எப்போது நுழைந்து பார்த்தார்கள் என்பதையும் எழுதி வைக்கும். அன்று காலை எட்டேகாலுக்கு ஒரு தரம், ஒன்பதுக்கு ஒரு தரம், பத்தடிக்கக் கொஞ்சம் முன்பு ஒரு தரம். மூன்று தடவை மேனேஜர் தன் பெயரில் நுழைந்து இரண்டாம் அறையைப் பார்த்திருக்கிறார். அதை நான் சத்தமாகப் படித்தேன்.

இதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலாளி போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அக்காவைப் பார்த்து, “சரி, நாளைக்கே வந்து சேந்துக்க. வீட்டையும் தொறந்துவிடச் சொல்றேன்” என்றார். அவ்வளவுதான். மேனேஜரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். “அவரு எங்கப்பா காலத்துல இருந்து நம்மட்ட இருக்கிற ஆளும்மா. நான் சொல்லிக்கிறேன்” என்றார். பத்து வருடம் அடுப்பில் வெந்த பெண்ணை அனுப்ப ஒரு நாள் போதுமாக இருந்தது. பொய் சொன்னவரை ஒரு வார்த்தை கேட்பதற்குக்கூட முதலாளியின் அப்பா காலம் குறுக்கே வந்து நிற்கிறது.

அக்கா எழுந்துவிட்டார். “என் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுங்கய்யா. அது போதும். அந்த ஆளு இருக்கிற எடத்துல நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்.”

முதலாளி தயங்கினார். நான் உட்கார்ந்த இடத்திலேயே என் லெட்டர் பேடில் எழுதினேன். தப்பு நான் செய்தது, காய் கெட்டதற்கும் இந்தப் பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் நீட்டினேன். அவரும் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்த வாரம் குரங்கணிக்கு மேலே இன்னொரு எஸ்டேட் ஸ்டோரில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. நான் ஒரே ஒரு தடவை மலையேறிப் போய் அந்த வரியைத் திருத்தினேன். மேனேஜரின் மேசை டிராயரில் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்து நானே கதவில் மாட்டினேன். இனி இந்த எஸ்டேட் வேலை வேண்டாம் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மேனேஜர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அன்றைக்கு முதலாளி வீட்டிலிருந்து வெளியே வந்து, ராசிங்காபுரம் பஸ்ஸுக்காக நின்றபோது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அத வச்சு நான் என்னத்தா செய்ய?” என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. “எம்புள்ளைக ரெண்டும் தெருவுல சாமானோட நின்னுச்சுக. அன்னைக்கு நான் வாசல்ல நின்னு சொல்லயில ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்ல?”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தச் சர்வரில் எதை இணைத்தாலும், அங்கே தினமும் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு, இதில் காட்டுவதும் உங்களுக்குத் தெரிந்ததும் ஒத்துப்போகிறதா என்று கேட்காமல் நான் இடத்தைவிட்டு நகர்வதில்லை. “ஆமா மேடம், சரியாத்தான் இருக்கு” என்று சும்மா சொல்பவர்களையும் விடுவதில்லை, கூடவே நடந்து போய்ப் பார்த்துவிடுகிறேன். அந்த மேனேஜர் என்னை மதிக்கவில்லை என்று கொதித்துக்கொண்டிருந்த அதே மணி நேரத்தில், என்னிடம் உண்மையைச் சொல்ல வந்த ஒருத்தியை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஆள் மேல் இருந்த கோபம் இந்த மூன்று வருடத்தில் பாதி ஆறிவிட்டது. என் மேல் இருக்கிற கோபம் மட்டும் ஆறவே இல்லை, அது ஆறிப்போகிற அன்று நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவள் ஆகிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.