முகம் பார்த்துக் கேட்டவள்

மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி, "பாப்பாவுக்குக் காது சரியா கேக்குதாங்க? பின்னாடி பெஞ்சுல உக்கார வெச்சா ஒண்ணுமே எழுத மாட்டேங்குது," என்றார்.

நன்றாகத்தான் கேட்கிறது என்றேன். வீட்டில் கூப்பிட்டால் திரும்புகிறாளே.

எங்கள் வீட்டில் கூப்பிடுவது என்றால் கத்துவதுதான். முன்கூடத்தில் இரண்டு பவர்லூம் ஓடும். வீட்டுக்காரர் தறியைப் பார்த்துக்கொள்வார், நான் நூல் சுற்றித் தருவேன். கிட்டே போய், முகத்துக்கு நேராக நின்று, சத்தமாகப் பேசியே எல்லோருக்கும் பழக்கம். எங்கள் தெருவில் காது கேட்காத குழந்தையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆரணியிலேயே ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார். வியாழக்கிழமை காலையில் ஓ.பி. அந்தக் காது டாக்டரிடம் இருந்த நர்ஸ், "வீட்ல கொஞ்சம் பழக்கிக் கூட்டினு போங்க. கண்ணாடி ரூம்ல ஹெட்போன் மாட்டுவாங்க, சத்தம் கேட்டா ஒரு பொருள எடுத்து டப்பாவுல போடணும். அவ்ளோதான் டெஸ்ட்டு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க கரண்ட் இல்லை. தறிகள் நின்றிருந்தன. மகளை எதிரே உட்கார வைத்து, கையில் புளியங்கொட்டைகளைக் கொடுத்தேன். டம்ளரை ஸ்பூனால் தட்டினேன். டப்பாவில் கொட்டை விழுந்தது. மெதுவாகத் தட்டினேன். விழுந்தது. இன்னும் மெதுவாக. விழுந்தது. டீச்சர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகுதான் அவள் கண் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன்.

சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். தட்டினேன். கொட்டை அவள் கையிலேயே இருந்தது. மறுபடி தட்டினேன். ஓங்கித் தட்டியபோதுதான் ஒன்றைப் போட்டாள். சற்று நேரம் கழித்து அவளாகவே திரும்பினாள்.

"அம்மா, நீ எப்போ தட்டுறன்னு தெரியலையே. இப்படித் திரும்பிக்கட்டா?"

பார்த்தால்தான் எல்லோருக்கும் கேட்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் நின்றுபோன தறியோரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வந்து ஸ்பூனை வாங்கி அவரும் இரண்டு முறை தட்டினார். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனார். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய் அரிசி களைந்தேன்.

புதன்கிழமை அவளுக்குத் தலை குளிப்பாட்டினேன். கம்மலைக் கழற்றி வைத்தேன். ஹெட்போன் இடிக்காமல் இருக்க, சடையைக் கழுத்துக்குக் கீழே தாழப் பின்னி வைத்தேன்.

"ஊசி போடுவாங்களா?"

"இல்ல. கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டுவாங்க."

"தப்பாப் போட்டா திட்டுவாங்களா?"

அவள் தாடையைப் பிடித்து, என் வாயைப் பார்க்க வைத்துச் சொன்னேன். "கேக்கலன்னா போடாத. சும்மா இரு. அதுவும் கரெக்ட்டுதான்."

இதை எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லச் சொல்ல வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

வேலூரில் டெஸ்ட் எடுத்தது ஒரு இளம்பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் பெரிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். கையில் கலர் வளையங்கள். அவள் என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அம்மா, நீங்க அந்தாண்ட திரும்பிக்கோங்க," என்றாள் அந்தப் பெண். "உங்க மூஞ்சப் பாத்துக்கினே போடுது."

திரும்பிக்கொண்டேன். சுவரில் நெருப்பணைக்கும் சிலிண்டர் மாட்டியிருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான்கு வரி எழுதியிருந்தார்கள். அந்த நான்கு வரியையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "நெறைய நேரம் கேக்கலம்மா. நான் போடவே இல்ல. சரியா?"

"சரிதான்."

இரண்டு காதிலும் குறை, பிறந்ததிலிருந்தே இருக்கலாம், மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். மறுபடி எப்போது வரவேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். ஆரணி பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர் வண்டியோடு நின்றிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ரெண்டு காதுலயும் மெஷின் வெக்கணுமாங்க."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

அவர் தூங்குகிறவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ எதனா சாப்ட்டியா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.