டெல்ஃபியை அடக்கம் செய்த பாட்டு

நோரீன் காடில் என்ற பாட்டுக்காரி பெற்ற தாயைக் கொன்றது ஒரு பாட்டின் மூன்றாவது சரணத்தில். அதுவும் சொந்தப் புத்தியில் அல்ல. அந்தப் பாவத்தில் பாதி நாஷ்வில் ரெக்கார்டு கம்பெனிக்காரனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கென்டக்கி மலையில் கரடி ஓடை என்கிற ஓடையோரக் குடியிருப்புக்காரி அவள். சுரங்கத்தின் கூரை சரிந்து அப்பா போய்ச் சேர்ந்தபோது சின்னப் பெண். அவருடைய கிதாரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பாடினாள், பிறகு பீர்க் கடைகளில் பாடினாள், இருபத்தைந்து ஆவதற்குள் நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கொண்டுபோன பாட்டில் அம்மா வாசலில் நின்று மகளுக்காகக் காத்திருப்பாள், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"காத்துக்கிட்டிருக்கிற அம்மாவுக்கு எவன் அழுவான்? மக வந்து சேர்றதுக்குள்ள அவங்களை அனுப்பிவிடும்மா."

"எங்கம்மா குத்துக்கல்லாட்டம் இருக்காங்க சார்!"

"பாட்டுலதானே!"

அனுப்பிவிட்டாள். நீல உடுப்பு போட்டு, மலைமேல் அப்பாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, மகள் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்ததாக முடித்தாள். பாட்டு தீயாகப் பற்றிக்கொண்டது. லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி அழுதார்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று மட்டும் அந்தக் கூமுட்டைக்குத் தோன்றவில்லை.

அம்மா டெல்ஃபி அடுப்படியில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் தன் சாவைக் கேட்டாள். எங்கள் பக்கம் பாட்டில் வருவதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. சுரங்க விபத்து, வெள்ளம், கொலை எல்லாமே பாட்டாகத்தான் ஓடைக்கு ஓடை நடந்து வந்திருக்கின்றன. மறுநாளே பக்கத்து ஓடை ரூபி, சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் கோழியும் மாவுருண்டையும் ஒரு சட்டி நிறையச் சமைத்துத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். திறந்தது செத்தவள்.

"ஐயோ ஆண்டவரே! டெல்ஃபி அக்கா!"

"கத்தாதடி. சட்டியைப் போட்டுடாம உள்ள கொண்டா."

அதோடு போயிற்றா? புருஷன் போகும்போதே கல்லறைக் கல்லில் பெண்டாட்டி பெயரையும் சேர்த்து வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். பெயருக்குக் கீழே பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் வெறும் கல். பாட்டைக் கேட்டவர்கள் ஒஹையோவிலிருந்தெல்லாம் கார் ஓட்டிவந்து அந்தக் கல்லைக் கண்டுபிடித்து, வெறும் இடத்தைக் கவனிக்காமலே பிளாஸ்டிக் பூ வைத்து அழுதுவிட்டுப் போனார்கள். சனிக்கிழமைகளில் டெல்ஃபி கூடையோடு மேலே ஏறுவாள். தன் பூவைத் தானே பொறுக்கி, நாதியற்ற கல்லறைகளுக்குப் பங்கிட்டு வைத்துவிட்டு இறங்குவாள்.

நோரீன் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "செத்தவ கச்சேரிக்கு வரக் கூடாதுடி, டிக்கெட் வாங்கினவங்க ஓடிடுவாங்க" என்று அம்மா சிரிப்பாள். ஆனால் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடுகிறாள் என்று ரூபி சொல்லி நோரீனுக்குத் தெரியும். அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பேரும் புகழும் கிடக்கட்டும், நான் பாடுவதை அம்மா ஒரே ஒரு தடவை உட்கார்ந்து கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

அடுத்துப் போட்ட ரெக்கார்டெல்லாம் ஊத்திக்கொண்டன. சொந்த பஸ் போனது, கூட வாசித்தவர்கள் போனார்கள், இரண்டு புருஷன்மார் போனார்கள். ஒட்டிக்கொண்டது அந்த ஒரு பாட்டுதான். ஊர்ச் சந்தைகளில் பன்றிப் போட்டிக்கும் டிராக்டர் பந்தயத்துக்கும் நடுவே அதைப் பாடினாள். மூன்றாவது சரணத்தில் குரல் எங்கே உடைய வேண்டுமோ அங்கே கச்சிதமாக உடையும். ஜனங்கள் மூக்கைச் சிந்துவார்கள். அவள் இறங்கிப்போய் ஹாட் டாக் சாப்பிடுவாள்.

அறுபதை நெருங்கும்போது கரடி ஓடைக்கே வந்துவிட்டாள். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், நெஞ்சில் நீர். அடுத்த வருடத்தைப் பற்றி டாக்டர் பேசவே இல்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு, கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். ஓடை மொத்தமும் மேலே ஏறிப் புல் வெட்டி, பூ வைத்து, மர நிழலில் விரிப்பைப் போட்டுச் சாப்பிடும். டெல்ஃபியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், அவள் கல்லுக்கு எதிரேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பொரித்த கோழியை மென்றுகொண்டே சொன்னாள்.

"நோரீன், கிதாரை எடு. அந்தப் பாட்டைப் பாடு."

"எந்தப் பாட்டும்மா?"

"ஆமா, உனக்கு வேற பாட்டு இருக்காக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்க வேண்டாம்மா."

"இங்கதான் வேணும். இதுக்குள்ள போனப்புறம் நீ தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்குக் கேட்காது. இத்தனை வருஷமாப் பயந்துகிட்டுக் கெடந்தேன்டி, கேட்டா போயிடுவேனோன்னு. இப்ப எப்படியும் போகத்தானே போறேன். சத்தமாப் பாடு."

பாடினாள். இரண்டு சரணம் நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் நீல உடுப்பு வந்ததும், எப்போதும் உடையும் இடத்துக்கு முன்னாலேயே குரல் நின்றுவிட்டது. எந்த மேடையிலும் வராத அழுகை குபுக்கென்று வந்தது.

"முடியலைம்மா. உன்னை ஒரு வார்த்தை கேட்காம... தப்புப் பண்ணிட்டேன்."

"அது கெடக்கட்டும். என்கிட்ட எங்கடி நீல உடுப்பு? இருக்கிறது பழுப்பு ஒண்ணு, பூப்போட்டது ஒண்ணு."

"மெட்டுக்குச் சரியா உட்கார்ந்துச்சும்மா."

"அப்ப இந்த வாரம் என்னை டவுனுக்குக் கூட்டிட்டுப் போ. என் பொண்ணு ஊரெல்லாம் பொய் பாடினான்னு எவளும் சொல்லக் கூடாது. ம், மிச்சத்தைப் பாடு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சுருதி தப்பத் தப்ப, மிச்சத்தைப் பாடி முடித்தாள். டெல்ஃபி கடைசி வரை கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை டவுன் கடையில் டெல்ஃபி நான்கு நீல உடுப்புகளை ஒதுக்கிவிட்டு ஐந்தாவதைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். கடைப்பெண், "ரொம்ப நல்லா இருக்கும்மா, என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு பாடறா," என்றாள் டெல்ஃபி. "முன்வரிசை எனக்குத்தான்."