மாடி அறையின் ஈக்கள்

வீடு வீடாகப் பூச்சி மருந்து அடிப்பதுதான் அவருடைய பிழைப்பு. தெருவில் எல்லோருக்கும் அவர் மருந்துக்காரர். கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி என்று எதைக் காட்டினாலும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அடுத்தவர் வீட்டு அலமாரிக்குப் பின்னால் எத்தனையோ பார்த்திருக்கிறார். வெளியே மூச்சு விட்டதில்லை.

அன்று அவரைக் கூப்பிட்டவர் எப்போதும் நாற்றமடிக்கும் தோல் கிடங்கை ஒட்டிய மாடிவீட்டுக்குச் சொந்தக்காரர்.

"மேல எலி ஏதோ செத்துக் கிடக்கு போல. ஈத் தொல்லை தாங்கல. நல்லா அடிச்சு விடுங்க."

கீழே வீட்டுக்காரர் இருக்க, மாடி அறையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் முதியவர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. மருந்துக்காரர் தட்டிப் பார்த்தார். பதில் இல்லை.

"பெரியவர் இல்லையா?"

"போன வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிப் போனாரு. படிக்கட்டுல நானே பார்த்துப் பேசினேன்."

"சாவி இருந்தா உள்ளயே போயி அடிச்சிடலாமே."

"என்கிட்ட ஏது சாவி? கதவிடுக்கு வழியா அடிங்க, போதும்."

குனிந்து இடுக்கில் குழாயை விட்டு அடித்தார். நிமிரும்போது கதவுக்கு மேலிருந்த கண்ணாடி கண்ணில் பட்டது. உட்புறம் பச்சையாக மினுங்கும் ஈக்கள் அடை அடையாய் அப்பியிருந்தன. ஒரு எலிக்கு இத்தனை ஈயா? திரும்பினார். வீட்டுக்காரர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்.

"அடிச்சோமா வந்தோமான்னு இல்லாம உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஏங்க, ஊருக்குப் போறவர் துணியை எடுத்து வைக்காமலா போவாரு? அந்தப் பக்கம் போறப்பல்லாம் பார்க்கிறேன், அவர் சட்டை மாடிக் கொடியிலேயே கிடந்து வெளுத்துப் போச்சே" என்றாள்.

மறுநாள் காலை மருந்துக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கதவை உடைத்தார்கள். கட்டிலருகே பெரியவர் இறந்து கிடந்தார்.

"மருந்து அடிச்சதும் நீ, வந்து சொல்றதும் நீ. தடயத்தை அழிச்சிட்டு நல்லவன் வேஷமா?" என்று இன்ஸ்பெக்டர் இவர் மேலேயே பாய்ந்தார். வீட்டுக்காரரோ, "நான் வராந்தாவுலதான் அடிக்கச் சொன்னேன். உள்ள அடிச்சது அவரா செஞ்சது" என்று ஒரே போடாகப் போட்டார்.

பூச்சிகளைக் கொண்டு மரணத்தை ஆராயும் ஒரு அம்மா குப்பிகளும் இடுக்கியுமாக வந்தார். செத்துக் கிடந்த ஈக்களைப் பொறுக்கிக்கொண்டே, என்ன மருந்து, எவ்வளவு, எந்தப் பக்கமிருந்து என்று துருவித் துருவிக் கேட்டார். இவரும் நம்மை மடக்கத்தான் பார்க்கிறார் என்று மருந்துக்காரர் ஒவ்வொரு வார்த்தையையும் அளந்து பேசினார்.

அந்த அம்மா தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். அடியில் தவிட்டு நிறத்தில் சின்னச் சின்னக் கூடுகள் சிதறிக் கிடந்தன. எல்லாம் முனை திறந்து காலியாக இருந்தன.

"மருந்து எல்லாத்தையும் கெடுத்திருக்குமே, மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஈயைக் கொல்லும், புழுவைக் கொல்லும். காலிக் கூட்டை என்ன செய்யும்? ஈ முட்டை போட்டு, புழு பொரிஞ்சு, தின்னு வளர்ந்து, இங்க ஊர்ந்து வந்து கூடாகி, அதுலேருந்து புது ஈயும் பறந்தாச்சு. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இவ்வளவும் நடக்கவே முடியாது. அதுக்கு ரொம்ப முன்னாடியே இறந்துட்டார்."

எல்லோர் பார்வையும் வீட்டுக்காரர் மேல் போனது. வெள்ளிக்கிழமை பார்த்துப் பேசியதாகச் சொன்னவர் அவர்தானே.

"அப்போ இவர்தான் கொன்னாரா?" மருந்துக்காரர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எப்பன்னுதான் இந்தப் பூச்சிங்க சொல்லும். யாருன்னு சொல்லாதுங்க."

விசாரணையில் வீட்டுக்காரர் உடைந்துபோனார். தண்ணீர்க் குழாய்த் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்ததாம். ஒரு மத்தியானம் மேலே தொப்பென்று சத்தம், அப்புறம் தரையைத் தட்டும் சத்தம். வம்புக்குத்தான் தட்டுகிறார் என்று டிவியை அலற வைத்தாராம். பிறகு நாற்றம் வந்தபோது பயம் பிடித்துக்கொண்டதாம்; அதனால்தான் ஊருக்குப் போனதாகச் சொல்லி மருந்து அடிக்க வைத்தாராம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்றது பிரேதப் பரிசோதனை. தானே விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா என்று அடித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. பொய் சொன்னதற்கும் தடயத்தை மறைக்கப் பார்த்ததற்கும் வழக்குப் போட்டு, வீட்டுக்காரரை ஜாமீனில் விட்டார்கள்.

தெரு மருந்துக்காரரையும் சும்மா விடவில்லை. இரண்டு பேரும் கூட்டு, பங்கில் தகராறு என்று காது மூக்கு வைத்துப் பேசினார்கள். "கூட்டா? என்கிட்ட ஒரு ரகசியத்தைக்கூட மறைக்கத் தெரியாது இவருக்கு!" என்று மனைவி வாசலில் நின்று சத்தம் போட்டாள். இருந்தும் பழைய வீடுகளில் பாதி அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன.

பெரியவரின் தங்கை வந்தபோது, அறையைக் கழுவிக் கொடுக்க மருந்துக்காரர் தானாகவே போனார். அவள் ரேடியோக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். நடுவில் கையை நிறுத்தினாள்.

"டிவி சத்தம் வச்சேன்னு சொல்றாரே. அதை நீங்க நம்புறீங்களாண்ணே?"

கீழ்வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கீழே ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"தெரியலம்மா" என்று மருந்துக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு கட்டில் இருந்த இடத்தைத் தேய்க்க உட்கார்ந்தார்.