அக்காவின் சாம்பல் கட்டிகள்

நசுக்கல் அண்ணன் ஓய்வு பெற்றுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. பல வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றதும் அதே சாயந்திரம்தான். அத்தான் கதவைத் திறந்தார்.

"உங்க அக்கா இன்னும் வரல. ஆபீஸ்ல யாரோ நசுக்குறவர் போறாராம், வழியனுப்புறாங்க" என்றார்.

அக்கா கட்டுமானப் பொருட்களை ஆராயும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கான்கிரீட்டை இரும்பு அச்சில் வார்த்துக் கட்டியாக்குவார்கள். அதை நான்கு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பெரிய இயந்திரத்தில் வைத்து, உடையும்வரை அழுத்துவார்கள். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அந்த எண்தான் அந்தக் கலவையின் யோக்கியதை. அந்த இயந்திரத்தை ஓட்டிய மனிதருக்கு அவர் பெயரே மறந்துபோகும் அளவுக்கு எல்லோரும் நசுக்கல் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.

அக்கா கண் சிவந்து வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய கேக் துண்டு. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா ஊர்சுத்தி? இளைச்சுட்டே. இந்தா தின்னு" என்று அதை என் கையில் திணித்துவிட்டு, "போறப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'உங்க சாம்பல் கட்டி மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்லம்மா, மெஷினே முனகுது'ன்னாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெருமைப்பட அவளுக்கு அதிகம் வாய்த்ததும் இல்லை. பள்ளியில் நடு பெஞ்சு. கல்லூரியில் நடு வகுப்பு. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்களுடைய கலவைகளுக்கு மணல் அளந்து, அச்சுக்கு எண்ணெய் தடவி, கட்டிக்கு எண் எழுதி வந்தவள். தலையில் எப்போதும் லேசாகச் சிமெண்ட் தூசி இருக்கும். அத்தான் அதைப் பார்த்து, "இவளுக்கு நரைச்சா யாருக்கும் தெரியாது" என்பார். அப்படிப்பட்டவள் சொந்தமாகச் செய்த முதல் கலவை இது. சிமெண்டில் பாதியை எடுத்துவிட்டு, மின்நிலையத்தில் நிலக்கரி எரித்து மிஞ்சும் சாம்பலைப் போட்டாள். அது முழுச் சிமெண்ட் கட்டிக்குச் சமமாகப் பாரம் தாங்கியது. இன்னொரு சுற்று வார்த்து உறுதி செய்துவிட்டால் கட்டடக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் இயக்குநர். அதுவரை அவளை "இந்தாம்மா" என்று கூப்பிட்டவர், "வாங்க, உட்காருங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்த இன்னொரு சுற்றில்தான் வினை வந்தது.

நசுக்கல் அண்ணன் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். அதிகம் பேசாதவள், எதையும் விதிப்புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறவள். அவள் நசுக்கிய முதல் சாம்பல் கட்டி பாதி வழியிலேயே விரிசல் விட்டது என்று அக்கா சொன்னாள். பாதி வழி என்பது கோபத்தில் சொன்னது. ஆனால் எண் கணிசமாக இறங்கியது உண்மை. அடுத்த கட்டியும் அப்படியே. மறுபடி வார்த்தார்கள், ஊறவைத்தார்கள், நசுக்கினார்கள். அதே கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், சாதாரணச் சிமெண்ட் கட்டிகளின் எண் மட்டும் பழைய ஆள் காலத்தில் இருந்தபடியே இருந்தது. அதனால் இயந்திரத்தையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். "முன்னாடி வந்த எண் நிஜமா, இப்ப வர்றது நிஜமா?"

"ரெண்டுமே மெஷின் காட்டினதுதான் சார்."

"மெஷின் பொய் சொல்லாது. அப்போ யாரு சொல்றா?"

அக்கா இதை வந்து சொன்னபோது அத்தான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன். வழியெல்லாம் ஏமாந்து திரும்பியவள் நான். ஒருவர் பேசும்போது அவர் கையைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அக்காவின் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

அவள் முதலில் சந்தேகப்பட்டது புதிதாக வந்தவளை. "வேணும்னே வேகமா அழுத்துறா" என்றாள். ஒரு நாள் முழுக்கக் கூடவே நின்று பார்த்தாள். வேகம் சரியாகவே இருந்தது. அடுத்து, பக்கத்து அறைக்காரர். அவரும் ஒரு கலவை செய்துகொண்டிருந்தார். அக்காவின் எண் இறங்கிய நாளிலிருந்து அவர் டீ குடிக்கும்போது சிரிக்கிறாராம்.

"டீ குடிக்கிறப்ப சிரிச்சா தப்பா?" என்றேன்.

"உனக்கு அந்தச் சிரிப்பு தெரியாதுடி."

தன் கட்டிகளின் அடியில் யாருக்கும் தெரியாமல் நகப்பூச்சால் புள்ளி வைத்தாள், யாராவது மாற்றுகிறார்களா என்று பார்க்க. சாம்பல் டப்பாவின் மூடிக்கு மேல் ஒரு தலைமுடியை ஒட்டிவைத்தாள், திறந்தால் அறுந்துபோகும் என்று. புள்ளியும் இருந்தது, முடியும் இருந்தது, எண் மட்டும் ஏறவில்லை.

நசுக்கல் அண்ணனுக்கும் எழுதிக் கேட்டாள். அவர் அப்போது கடல் தாண்டி மகள் வீட்டில் இருந்தார். "நீங்க ஏதாவது வேற மாதிரி செஞ்சீங்களாண்ணா?" உடனே பதில் வந்தது: "ஒண்ணுமில்லையேம்மா. எல்லாம் விதிப்படிதான்."

இதற்குள் எனக்கு அக்காமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நான் அறைக்குள் போனால் கணினியை மூடினாள். ஒரு மாலை, தோள் இறங்கும்படி கனமான பையோடு வந்தவள் நேராகக் குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டாள். பிறகு நான் குளிக்கப் போனபோது பெரிய வாளியின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் சாம்பல் நிறத்தில் கட்டிகள்.

அத்தானிடம் போய்க் கிசுகிசுத்தேன். "அத்தான், அக்கா ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?"

"நான் கேட்டா எனக்குச் சோறு கிடைக்காது. நீ கேளு, நீ எப்படியும் வெளியூர் போறவ."

கேட்டேன்.

"நீயுமா?"

"வாளிக்குள்ள கட்டியை ஒளிச்சு வெச்சா யாரா இருந்தாலும் கேப்பாங்க. நான் எதுல குளிக்கிறது?"

"சொம்புல மொண்டு குளி. அங்க யாரையும் நம்ப முடியல. வீட்டுலயே ஊறவெச்சு, வெளியில வேற ஒரு கூடத்துல குடுத்து நசுக்கப் போறேன். என் கையை விட்டு நகராம."

அப்படியே செய்தாள். நான்கு வாரம் மூவரும் சொம்பில் குளித்தோம். வெளிக்கூடத்துக்கு ஈரத்துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல மடியில் வைத்து எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து அத்தான் டீ போட்டார்.

எண் குறைவாகத்தான் வந்தது.

அன்றிலிருந்து அவள் மற்றவர்களைச் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "முதல் தடவை நானே தெரியாம சிமெண்டைக் கூடப் போட்டுட்டேனோ?" என்பாள். "ஒரு தடவைன்னா சரி. ஒவ்வொரு தடவையுமா போடுவே?" என்பேன். "ஆசை இருந்தா கை தானா போடும்டி" என்பாள். உண்மையைச் சொன்னால், நானும் உள்ளுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்குழு கூடியது. அவள் ஏமாற்றினாள் என்று சொல்ல ஆதாரம் இல்லை, ஏமாற்றவில்லை என்று சொல்லவும் இல்லை என்று கைவிரித்துவிட்டது. கலவையை ஓரங்கட்டினார்கள். அக்காவை மணல் சலிக்கும் அறைக்கு மாற்றினார்கள், தற்காலிகமாக என்று சொல்லி. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சல்லடைகள் ஆடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. "நல்லதுதான். என்னைப் பத்திப் பேசுறதும் கேக்காது" என்றாள். டீ நேரத்தில் அவள் உள்ளே போனால் பேச்சு நிற்குமாம். ஒரு நாள் பக்கத்து அறைக்காரர் தன் மேசை டிராயரை அவள் எதிரிலேயே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாராம்.

நான் மறுபடி கிளம்பிப் போனேன், மறுபடி வந்தேன். தற்காலிகம் நிரந்தரமாகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அக்காவின் கைப்பேசிக்கு நசுக்கல் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கண்ணாடி கைக்கு எட்டாததால் என்னைப் படிக்கச் சொன்னாள்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா. உங்களை மணல் ரூமுக்கு மாத்திட்டதா வாட்ச்மேன் இப்பதான் போன்ல சொன்னாரு. நீங்க அப்போ கேட்டப்ப விசாரணைன்னு இழுப்பாங்களோன்னு பயந்து மறைச்சுட்டேன். மத்த கட்டியெல்லாம் முன்னாடி இருக்கிற ஆழமில்லாத தொட்டியில கிடக்கும். உங்களது மட்டும் பின்னாடி ஆழத்தொட்டி, நசுக்குறதும் எப்பவும் திங்கக்கிழமை. காலையில ஜில்லுன்னு இருக்கிற அந்தத் தண்ணிக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டா விரல் மரத்துப்போய் மெஷின் பிடியைத் திருப்ப முடியாது. அதனால முந்தின வெள்ளிக்கிழமை வெயில் நேரத்துலயே எடுத்து, மணல் காயவைக்கிற ஓவன் பக்கத்துல வெச்சிட்டுப் போயிடுவேன். திங்கக்கிழமை ரெண்டு குவளை தண்ணி ஊத்தி ஈரமாக்கித்தான் நசுக்குவேன். அதனால ஏதாவது ஆகியிருக்குமா? உங்க கட்டி நல்ல கட்டிம்மா."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். காய்ந்த கான்கிரீட் ஊறிய கான்கிரீட்டைவிட அதிகப் பாரம் தாங்கும், அதனால்தான் எல்லாக் கட்டியையும் தண்ணீரிலிருந்து எடுத்த ஈரத்தோடு நசுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னாள். வெள்ளியிலிருந்து திங்கள்வரை ஓவன் பக்கத்தில் காய்ந்ததை ரெண்டு குவளைத் தண்ணீர் ஏமாற்றிவிடாது; மேல்தோல்தான் நனையும்.

"அப்போ நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். "இதை இப்பவே இயக்குநருக்கு அனுப்பு."

அவள் கைப்பேசியை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே ஒருமுறை படித்தாள்.

"இவரை இப்படி எழுதச் சொன்னது யாரு?"

"அக்கா."

"நீ சொல்லலையே? நீதானே ஊர் ஊராப் போறவ. அவரைப் பார்த்து, பாவம் அவளுக்கு இப்படி ஒண்ணு எழுதிப் போடுங்கன்னு..."

"அவரு மூஞ்சியையே நான் பார்த்ததில்ல."

"அப்போ இவரா இரக்கப்பட்டு எழுதியிருப்பாரு" என்றாள். செய்தியை யாருக்கும் அனுப்பவில்லை. திங்கட்கிழமை மணல் அறையிலிருந்து நேரே புதியவளிடம் போய்ச் சாம்பல் கட்டிகள் வார்க்க ஓரமாக இடம் கேட்டாளாம். விதிப்படி எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்றாளாம் அவள். எழுதிக் கொடுத்தாள். ஒரே கலவை. பாதிக் கட்டிகளைக் கடைசிவரை தண்ணீரில் விட்டாள். மீதியை நான்காவது வார வெள்ளிக்கிழமை எடுத்து ஓவன் பக்கத்தில் வைத்து, அறையைப் பூட்டி, சாவியை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை நான் ரயில் நிலையத்தில் அடுத்த பயணத்துக்குச் சீட்டு எடுக்கும் வரிசையில் நின்றிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. அக்கா.

"காஞ்சது பழைய எண். ஊறினது புது எண். ரெண்டையும் அவர் எழுதினதோட சேத்து இயக்குநருக்கு அனுப்பிட்டேன். நான் ஏமாத்தலை. கலவைதான் சுமார். உன் அத்தான்கிட்டயும் சொல்லிடு, நான் வர லேட்டாகும். புதுசா ஒண்ணு வார்க்கணும்."