கட்டம் போட்ட லுங்கியில் மூன்று ஓட்டை

பள்ளிப்பட்டுப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லை ஒன்றில் இறங்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு வந்தபோது, எங்கள் திருத்தணி வனத்துறை ஆபீசில் துப்பாக்கி பிடிப்பவன் நான் ஒருவன்தான். யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் கால் அறுபட்ட பன்றி அது. வலியில் மிரண்டு கொல்லைக்காரரின் தொடையைக் கிழித்திருந்தது. தையல் பிரித்த பிறகும் அவர் கொல்லைப் பக்கம் போகவேயில்லை. வீட்டு வாசலில் கட்டில் போட்டுக் கிடந்தார்.

"அரைகொறையா சுட்டுட்டுப் போயிடாதீங்க சார். இன்னொருவாட்டி அடிபட்டுச்சின்னா எங்கள சும்மா வுடாது" என்றார் அவர் மனைவி. "மொதல்ல எதுனா ஒண்ண சுட்டுக் காட்டுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போட்டியில் பரிசு வாங்கியவனிடமா இந்தப் பேச்சு? ஆனாலும் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். அந்த அம்மா கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்றைக் கொண்டுவந்தார். ஏரிக்கரைச் சரிவில் குச்சி நட்டு அதை விரித்து, நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தோம். நூறு மீட்டர் தள்ளிப் படுத்து, துப்பாக்கி ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டைப் பொட்டில் நிறுத்தி மூன்று முறை சுட்டேன்.

பொட்டு அப்படியே இருந்தது. மூன்று ஓட்டையும் ஒரு ஜாண் வலப்பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருந்தன. கை தவறவில்லை, ஸ்கோப்தான் தவறியிருக்கிறது.

ஸ்கோப்பில் குறியை இடம் வலமாக நகர்த்தும் பக்கவாட்டுக் குமிழைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு ஆபீசில் ஜீப், பீரோ, துப்பாக்கி எதையும் விடாமல் சந்தனம் வைத்திருந்தார்கள். காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்த புண்ணியவான், குமிழையும் சேர்த்துத் திருகியிருக்கிறான். அதன் பள்ளத்தில் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. அவனை மனதார வைதேன். பிறகு குறி எவ்வளவு விலகியிருக்கிறது என்று லுங்கிக் கட்டங்களை எண்ணி, குமிழை டிக் டிக்கென்று இடப்பக்கம் திருப்பிச் சுட்டேன். பொட்டு காணாமல் போனது.

சாயங்காலம் பன்றி நொண்டிக்கொண்டு வந்து, இடப்பக்கம் பார்த்து நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்தேன். ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே சாய்ந்தது. குமிழைத் திருத்தாமல் சுட்டிருந்தால் குண்டு வயிற்றில் பாய்ந்து, அது வெறிகொண்டு ஊருக்குள் ஓடியிருக்கும். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எனக்கு எதுக்குங்க கும்புடு?" என்று சிரித்தார்.

வெடிச்சத்தம் கேட்டுக் கணவர் கோலூன்றி வந்தார். பன்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைத் தாண்டிக் கொல்லைக்குள் இறங்கி, பன்றி கிளறிப் போட்ட செடி ஒன்றைத் தூக்கி, காயை நசுக்கிப் பார்த்தார்.

"இருட்டிக்கினு வருது, வாங்க" என்றார் மனைவி.

"நீ போ. நான் ஒரு சுத்து பாத்துட்டு வரேன்."