சூசையண்ணன் போடாத கையெழுத்து

பாபநாசத்தில் நான் நிலத் தரகன். ரசீது இல்லாத செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்று ஆடிட்டர் கைவிரித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் வரப்பு வரப்பாக அலைகிறவன் நான், இவர்களுக்கு ரசீது வேண்டுமாம்!

வயல்களின் எல்லை காட்ட என்னோடு வரும் சூசையண்ணனுக்கு மாதச் சம்பளம் கொடுத்ததாக நானே வவுச்சர் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“டீயைத் தவிர எனக்கு என்ன குடுத்தீங்க தம்பி?”

“சும்மா கணக்குக்குத்தாண்ணே.”

“எங்கப்பாகிட்ட பண்ணையில இப்படித்தான் குடுக்காத கூலிநெல்லுக்குக் கைநாட்டு வாங்கினாங்க. அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

வவுச்சரை என் சட்டைப்பையிலேயே செருகிவிட்டுப் போனார்.

பண்ணையார்களை எதிர்த்து ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அந்தத் தாளில், கூலி கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.