சும்மா பின்னாடி வருகிற டிரெய்லர்

என் கணவருக்கு டிராக்டர் என்றால் உயிர். வாரம் தவறாமல் குளிப்பாட்டுவார், ஆயில் பார்ப்பார், பொட்டு வைப்பார். அது இழுத்துப் போகும் டிரெய்லரை மட்டும் அவர் ஒரு வண்டியென்றே ஒத்துக்கொண்டதில்லை. முந்தைய கிழங்கு வெட்டு முடிந்ததிலிருந்து அது காட்டோரம் பாப்பிரெட்டிப்பட்டி வெயிலை முழுசாக வாங்கிக்கொண்டு நின்றது. இரண்டு டயரிலும் கோடு கோடாக வெடிப்பு. காற்றிறங்கிப் பக்கவாட்டில் பிதுங்கியும் இருந்தன.

"ஏங்க, அந்த டயரைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன்.

"இழுக்குறது எஞ்சினு. அது சும்மா பின்னாடி வருது. அதுக்கு என்னா வந்துச்சு?"

இந்த விஞ்ஞானத்தைக் கேட்டுக்கொண்டு நான் கிழங்கு வெட்டப் போனேன்.

சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றினோம். இரண்டு நடை போக வேண்டிய சரக்கு. "ரெண்டு நடை போக நாம என்ன வேலையத்தவங்களா?" என்று மொத்தத்தையும் ஒரே நடையில் குவித்தார். காற்றுப் பிடிக்க நேரமில்லை. டிராக்டருக்கு எலுமிச்சம்பழம் கட்ட மட்டும் நேரம் இருந்தது.

மஞ்சவாடி கணவாய் தாண்டிச் சமதரை வந்ததும் ஐயாவுக்கு வேகம் பிறந்தது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தீய்ந்த வாடை அடித்தது.

"ரப்பர் கருகுதுங்க."

"முன்னாடி போற லாரிக்காரனோடது."

அடுத்த வளைவில் வெடித்தது, லாரிக்காரனுடையது அல்ல. டிரெய்லர் ஒருபக்கம் சாய, கிழங்கு ரோடு முழுக்க உருண்டது. பின்னால் வந்த பஸ் நின்றது. இறங்கியவர்கள் ஓடிஓடிப் பொறுக்கினார்கள். என்ன நல்ல சனங்கள் என்று நெகிழ்ந்து நின்றேன். பாதிப் பேர் பொறுக்கிய கிழங்கோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.

நார்நாராகக் கிழிந்த டயரைச் சுற்றிவந்து இவர் தீர்ப்புச் சொன்னார். "பக்கத்துக் காட்டுக்காரன் உத்து உத்துப் பாத்தான். கண்ணு பட்டிருச்சு."

"இன்னொரு டயரையும் பாத்தானான்னு தொட்டுப் பாருங்க."

தொட்டவர் கையை உதறினார். அப்படிக் கொதித்தது. முதல்முறையாக முகத்தில் பயம் தெரிந்தது. அதுவும் சேர்ந்து வெடித்திருந்தால் மட்கார்டிலிருந்த நானும் ஸ்டியரிங்கோடு அவரும் எங்கே கிடந்திருப்போம் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் டயர் வாங்கிவரப் பஸ்ஸில் ஏறும்போது, "ஒரு டயரு வாங்கினா போதுமில்ல?" என்றார்.

"ஒன்னு வாங்கியாந்தா, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன். கிழங்க நீங்களே சொமந்துக்கங்க."

டயர் இரண்டாக வந்தது. ஒரு லாரி டிரைவர் ஜாக்கியோடு, டயர் ஏன் வெடித்தது என்ற பாடத்தையும் தந்தார். பாதிச் சரக்கை வாடகை வண்டிக்கு மாற்றி, மெல்ல ஓட்டி, வெளிச்சம் இருக்கும்போதே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

எடைமேடை வரிசையில் நின்ற டிராக்டர்காரர்களைக் கூட்டி வைத்து அவர் பேசிக்கொண்டிருந்தார்: "டிரெய்லர வெயில்ல போட்டு வைக்காதீங்க. காத்துக் கொறஞ்சா டயரு நசுங்கி நசுங்கியே சூடேறும். அதுமேல ஓவர்லோடு, ஸ்பீடு வேற. எத்தன பேருக்கு இது தெரியுது?"

எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.